மின்மறிப்புக் கண்காணிப்பு: வார்டு மொனிட்டர் முதல் லக்ஷபான லைன் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் படுத்திருக்கும் தாத்தாவின் மூச்சை எண்ணும் பெட்டி, டெங்குக் காய்ச்சலுக்குத் தினமும் எடுக்கும் இரத்த அறிக்கை, தேயிலைத் தொழிற்சாலையில் ஈரம் பார்க்கும் கருவி, லக்ஷபான நீர்மின் நிலையங்களிலிருந்து இறங்கும் உயரழுத்த லைனில் பழுது எத்தனையாவது கிலோமீற்றரில் என்று சொல்லும் ரிலே. இவை எல்லாவற்றுக்குள்ளும் நடப்பது ஒரே அளவீடு. அதைப் பற்றி மலையகத்தில் உயர்தர மாணவர்களும், நோயாளிகளின் வீட்டாரும், வயரிங் வேலை செய்பவர்களும் கேட்பவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். கருவி எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் வேலை.

மின்மறிப்பு என்றால் என்ன? பாடத்தில் படித்த தடையும் இதுவும் ஒன்றா?

ஒரு பொருளுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்த எவ்வளவு அழுத்தம் தேவை என்ற கணக்குத்தான் இரண்டும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் ஓமில் ஓர் எண் வரும். பெட்டரியில் இருந்து வருவதுபோல ஒரே திசையில் ஓடும் ஓட்டத்துக்கு அந்த எண் தடை. திசை மாறி மாறி ஓடும் ஓட்டம் என்றால் சுருள்களும், மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்ளளவிகளும் தங்கள் பங்குக்கு மறிக்கும். தடையோடு அவற்றையும் சேர்த்த மொத்தம்தான் மின்மறிப்பு. டெக்னீஷியன்கள் இம்பீடன்ஸ் என்பார்கள். அந்தப் பெயரை 1886இல் வைத்தவர் ஒலிவர் ஹெவிசைட்.

கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று போட்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓம் அளவில் காட்டும். ஸ்பீக்கர் பழுதில்லை. மீட்டர் காட்டுவது செப்புச் சுருளின் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது அம்ப்ளிஃபயர் சந்திக்கும் மறிப்பு வேறு, அதுவும் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். இப்படி மாறுவதுதான் இந்த அளவீட்டுக்கே பயன் தருகிறது.

ஒரே அளவீடு இத்தனை வேலை செய்வது எப்படி?

கருவிக்குத் தெரிந்தது ஓம் கணக்கில் ஓர் எண் மட்டும்தான். அந்த எண் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று சொல்வது கருவிக்குள் எழுதி வைத்த ஊகம். நெஞ்சுக்குள் காற்று நிறைந்தால் எண் ஏறும், நீர் கோத்தால் இறங்கும். தேயிலையில் ஈரம் கூடினால் இறங்கும். பெட்டரி கிழடு தட்டினால் ஏறும். ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, அதே ஆளிடம், அதே பெட்டரியில், அதே லைனில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். அதனால்தான் இது பெரும்பாலும் ஒருமுறைச் சோதனையாக இல்லாமல் கண்காணிப்பாக நடக்கிறது.

உடம்புக்குள் கரண்ட் விடுவது ஆபத்தில்லையா?

வீட்டுக்கு வரும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஆபத்தானது, ஏனென்றால் நரம்பும் தசையும் அந்த வேகத்துக்கு நன்றாகவே துடிக்கும். மருத்துவக் கருவிகள் பெரும்பாலும் ஒரு மில்லி அம்பியருக்கும் குறைந்த ஓட்டத்தை, விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாற்றிச் செலுத்துகின்றன. அந்த வேகத்தில் நரம்புக்கு எழும்ப நேரமில்லை. ஒன்றும் தெரியாது, வலிக்காது.

நேரோட்டத்தைப் பயன்படுத்தாததற்கு வேறு காரணமும் உண்டு. நேரோட்டம் தோலில் ஒட்டிய தகட்டுக்கு அடியில் இரசாயன மாற்றத்தை உண்டாக்கும், அளவு பிழைக்கும், நேரம் போனால் தோலும் புண்ணாகும். அதோடு, உயிர்க்கலத்தின் சவ்வு ஒரு சின்னக் கொள்ளளவி. தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓட்டம் கலங்களைச் சுற்றிக்கொண்டு வெளி நீர் வழியாகப் போகும், உயர்ந்த அதிர்வெண்ணில் கலங்களை ஊடறுத்துப் போகும். ஆகவே இரண்டு அதிர்வெண்களில் அளந்து பார்த்தால் கலத்துக்கு வெளியே உள்ள நீரையும் உள்ளே உள்ள நீரையும் ஓரளவு பிரித்தறியலாம்.

வார்டில் ஈ.சி.ஜி. வயர்தான் ஒட்டியிருக்கிறார்கள். மூக்கில் ஒன்றும் இல்லை. மொனிட்டர் எப்படி மூச்சை எண்ணுகிறது?

அதே வயர்களில் இரண்டின் வழியாக நெஞ்சின் மின்மறிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூச்சை இழுத்தால் நுரையீரலில் காற்று நிறைகிறது, காற்று மின்னைக் கடத்தாது, மறிப்பு ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. அடிமறிப்பு பல நூறு ஓம், மூச்சோடு வரும் ஏற்ற இறக்கமோ ஓர் ஓம் அளவு. அந்தச் சின்ன அலையை எண்ணித்தான் நிமிடத்துக்கு 18, 20 என்று திரையில் போடுகிறது.

இவ்வளவு சின்ன அலை என்பதால் ஏமாறவும் செய்யும். நோயாளி புரண்டாலும் இருமினாலும் எண் தாறுமாறாகும். சிலருக்கு இதயத் துடிப்பே அந்த அலையில் ஏறி, மூச்சு எண்ணிக்கை நாடி எண்ணிக்கை மாதிரி காட்டும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தொண்டை அடைத்துப்போனாலும் நெஞ்சு முயன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். காற்று உள்ளே போகாமலே மொனிட்டர் "மூச்சு இருக்கிறது" என்று காட்டும். அது அளப்பது நெஞ்சின் அசைவையும் அதன் கொள்ளளவையும்தான், காற்று போய் வருவதை அல்ல. பழகிய தாதியர் திரையை நம்பாமல் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவது இதனால்தான். அதை பழைய பழக்கம் என்று நினைக்காதீர்கள். வயரைத் தோலோடு பிடித்து வைக்கும் ஒட்டி காய்ந்துபோனால் எண்ணிக்கை முதலில் கெடும், ஆகவே எண் விசித்திரமாக இருந்தால் ஒட்டியை மாற்றச் சொல்லிக் கேட்பது தப்பில்லை.

டெங்குவுக்கு எடுக்கும் எஃப்.பி.சி. (முழு இரத்தக் கல எண்ணிக்கை) அறிக்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. இரத்தத்தை உப்புநீரில் கரைத்து, முடியை ஒத்த குறுகலான ஒரு துவாரத்தின் வழியாக உறிஞ்சுகிறார்கள். துவாரத்தின் இரு பக்கமும் மின்முனைகள். உப்புநீர் மின்னைக் கடத்தும், இரத்தக் கலம் கடத்தாது. பட்டி வாசலில் நின்று ஆடுகளை எண்ணுவதுபோல, ஒவ்வொரு கலம் நுழையும்போதும் மறிப்பு ஒரு துள்ளு துள்ளும், இயந்திரம் அதை எண்ணும். துள்ளலின் உயரம் கலத்தின் பருமனுக்கு ஏற்றது. வொலஸ் கூல்டர் கண்டுபிடித்து 1953இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முறை இது. புதிய இயந்திரங்களில் லேசரும் சேர்ந்திருக்கும், ஆனாலும் மறிப்பு எண்ணிக்கை இன்னும் நிறையக் கருவிகளின் அடிப்படை.

இயந்திரத்துக்கு இது சிவப்பணு, இது பிளேட்லட் என்று தெரியாது. சிறிய துள்ளல் பிளேட்லட், பெரிய துள்ளல் சிவப்பணு. அவ்வளவுதான். இங்கேதான் சிக்கல் வருகிறது. இரும்புச்சத்துக் குறைவிலும், பரம்பரையாக வரும் தலசீமியா இரத்தநோயிலும் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும், சில உடைந்தும் கிடக்கும். அந்தச் சின்னவை பிளேட்லட் கணக்கில் விழுந்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்டலாம். தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை பழைய பிரச்சினை என்பதால் மலையகத்தில் இதை மறக்கக் கூடாது. எதிர்ப்பக்கமாகவும் பிழைக்கும்: குழாயில் உள்ள உறைவுத் தடுப்பு மருந்தால் சிலரின் பிளேட்லட்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். பத்து சேர்ந்து போனாலும் இயந்திரம் பத்து என்று எண்ணாது. ஆள் நன்றாக இருக்க, அறிக்கையில் மட்டும் பிளேட்லட் பயங்கரமாக விழுந்திருக்கும்.

இதற்கு மருந்து, கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில் ஒருவர் பார்ப்பது. எண்ணிக்கையும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகாவிட்டால் ஆய்வுகூடத்தில் அதைச் செய்வார்கள்.

வீட்டார் எல்லோரும் பிளேட்லட் எண்ணையே போனில் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். வைத்தியர் அதே அறிக்கையில் ஹிமற்றோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) என்ற வரியையும் பார்த்துக்கொண்டிருப்பார். அது அடிநிலையிலிருந்து 20 சதவீதம் ஏறினால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அந்தக் கசிவால்தான் வருகிறது.

உடற்கொழுப்பு காட்டும் தராசை நம்பலாமா?

ஒரு நாள் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். தராசு ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு, பொதுவாக 50 ஆயிரம் ஹேர்ட்ஸில், ஓட்டம் அனுப்புகிறது. தசையில் நீர் அதிகம், கடத்தும். கொழுப்பில் நீர் குறைவு, மறிக்கும். கிடைத்த மறிப்போடு நீங்கள் கொடுத்த உயரம், வயது, பால், நிறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சமன்பாட்டில் போட்டு உடம்பின் நீரை மதிப்பிட்டு, அதிலிருந்து கொழுப்பில்லாத நிறையைக் கணித்து, மீதியைக் கொழுப்பு என்கிறது. ஓட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது, வயிற்றுக்குள் பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. நமக்குத் தொல்லை தருவதோ வயிற்றுக் கொழுப்பு.

அப்புறம், வெயிலில் மலையேறி வியர்த்து வந்து நின்றால் ஒரு எண், இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்து அரை மணி நேரம் கழித்து நின்றால் வேறு எண். பாதம் காய்ந்து வெடித்திருந்தால் இன்னொன்று. சமன்பாடுகள் பல வேறு நாட்டு மக்களிடம் அளந்து உருவாக்கியவை. தெற்காசியர்களுக்கு அதே நிறைக்குக் கொழுப்புப் பங்கு கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். வாங்கிவிட்டீர்கள் என்றால், காலையில் எழுந்து, சாப்பிடுமுன், ஒரே நேரத்தில் நின்று பார்த்து, மாதக் கணக்கில் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். இடுப்பைச் சுற்றி அளக்கும் நாடா இதைவிட மலிவு, என் எண்ணத்தில் இதைவிட நல்லதும்கூட.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தத் தராசில் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றே எழுதுகிறார்கள்.

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் "லீட் இம்பீடன்ஸ்" என்று ஏதோ எழுதுகிறார்கள். அது என்ன?

கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் மெல்லிய வயர்தான் லீட். வயர் நன்றாக இருந்தால் மறிப்பு பெரும்பாலும் 300 ஓமுக்கும் 1,000, 1,500 ஓமுக்கும் இடையில் ஓரிடத்தில் நிற்கும். எந்த இடம் என்பது வயரின் வகையைப் பொறுத்தது. திடீரென்று 2,000, 3,000 என்று ஏறினால் உள்ளே கம்பி முறிந்திருக்கலாம், அல்லது கருவியோடு பொருத்திய திருகு தளர்ந்திருக்கலாம். 200க்குக் கீழே விழுந்தால் மேலுறை கிழிந்து ஓட்டம் கசிகிறது என்று சந்தேகிப்பார்கள். எண் எல்லைக்குள் இருந்தாலும், வருடக்கணக்கில் 500இல் நின்றது 900க்குப் போயிருந்தால் வைத்தியர் நின்று யோசிப்பார். அதனால் பழைய கிளினிக் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். வேறு வைத்தியசாலைக்கு மாற்றினால் கையோடு கொண்டுபோங்கள்.

கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நசுங்கி வயர் முறிவது அறியப்பட்ட ஒரு கோளாறு. கொழுந்து பறிப்பது, விறகு சுமப்பது, கவ்வாத்து வெட்டுவது எல்லாம் தோளை ஓயாமல் வேலை வாங்கும். எப்போது வேலைக்குத் திரும்பலாம், எந்தத் தோளில் எவ்வளவு சுமக்கலாம் என்று வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். "வீட்டு வேலைதான்" என்று மழுப்பினால் அவருக்கு மலை ஏறி இறங்கும் வேலை என்பது தெரியவராது.

இதயம் பலவீனமானவர்களுக்கு நெஞ்சில் நீர் கோப்பதைக் கருவி முன்கூட்டியே சொல்லுமாமே?

சில பெரிய இதயக் கருவிகள் சொல்லும். லீட்டுக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையில் நுரையீரல் இருப்பதால், நீர் கோத்தால் மறிப்பு இறங்கும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுத்திணறல் தொடங்குவதற்குச் சுமார் இரண்டு வாரத்துக்கு முன்பே மறிப்பு இறங்கத் தொடங்கியிருந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு, கருவி ஒலியெழுப்பி நோயாளியையே எச்சரிக்கும்படி வைத்து 2011இல் வெளியான பெரிய பரிசோதனையில் உயிர் காப்பது கூடவில்லை. வைத்தியசாலையில் சேர்ப்பதுதான் கூடியது. முன்னே தெரிவது வேறு, தெரிந்ததால் நன்மை கிடைப்பது வேறு. தினமும் காலையில் நிறை பார்த்து எழுதி, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் கிளினிக்குக்குச் சொல்வது இன்னும் செல்லுபடியான முறை.

நெஞ்செரிவுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு 24 மணி நேரம் பார்க்கும் சோதனை எதற்கு?

இரைப்பையிலிருந்து மேலே வருவது என்ன, எவ்வளவு தூரம் வருகிறது, அது வரும்போதுதான் உங்களுக்கு எரிகிறதா என்று பார்க்க. மெல்லிய குழாயில் இடைவெளி விட்டு உலோக வளையங்கள் இருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவே திரவம் வந்தால் மறிப்பு விழும், ஏப்பக் காற்று வந்தால் ஏறும். கீழ் வளையத்தில் முதலில் விழுந்து அப்புறம் மேலே விழுந்தால் அது மேல்நோக்கி வந்த திரவம். மேலிருந்து கீழாக விழுந்தால் நீங்கள் விழுங்கிய தேநீர். அமிலத்தை மட்டும் அளக்கும் பழைய சோதனைக்கு, மாத்திரை போட்டபின் அமிலமில்லாமல் மேலே வரும் திரவம் தெரியாது. இதற்குத் தெரியும். மாத்திரை குடித்தும் எரிவும் இருமலும் நிற்காதவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் தேவைப்படுகிறது.

அன்றைக்கு வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பயந்து கஞ்சி மட்டும் குடித்தால் வழக்கமான நாளில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போய்விடும். எரியும்போது பொத்தானை அழுத்தவும் மறக்க வேண்டாம். அழுத்தாவிட்டால் பதிவு இருக்கும், எரிவோடு பொருத்திப் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஒப்பரேஷனில் தொடையில் ஒரு தகடு ஒட்டுகிறார்களே, அதுவும் இதுதானா?

ஆம். மின்கத்தியால் வெட்டும்போது ஓட்டம் உடம்பிலிருந்து வெளியேற அந்தத் தகடு வேண்டும். பாதி கழன்று சின்ன இடத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் ஓட்டம் அங்கே குவிந்து தோல் வெந்துவிடும். இப்போதைய தகடுகள் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டுக்கும் இடையே மறிப்பைப் பார்த்து, ஏறினால் இயந்திரம் தானாக நின்றுவிடும். மார்பில் மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவியும் இதேபோல நெஞ்சின் மறிப்பைப் பார்த்துத்தான் அதிர்ச்சியைச் சரிசெய்கிறது. வியர்வையைத் துடைத்து, பட்டையை அழுத்தி ஒட்டச் சொல்வது அதற்காக.

பல் வேர் சிகிச்சையில் "பீப்" என்று சத்தம் போடும் கருவி?

ஊசி வேரின் நுனியை எட்டிவிட்டதா என்று மறிப்பை வைத்துச் சொல்கிறது. வாயின் உள்தோலுக்கும் பல்லைச் சுற்றிய தசைநாருக்கும் இடையிலான தடை ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை, சுமார் 6.5 கிலோ ஓம் என்று ஜப்பானியரான சுனாடா 1962இல் காட்டினார். அங்கிருந்து வந்தது இது.

காது கிளினிக்கில் "இம்பீடன்ஸ் டெஸ்ட்" என்றார்கள். அதிலும் கரண்ட் போகுமா?

போகாது. அது ஒலிக்கான மறிப்பு. 226 ஹேர்ட்ஸ் சத்தத்தை அனுப்பி, காற்றழுத்தத்தை மாற்றி மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பார்கள். சளியோடு அலையும் பிள்ளைகளுக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கியிருக்கிறதா என்று இதில் தெரியும்.

லைனில் பழுது வந்தால் எந்த இடம் என்று மின்சார சபைக்கு எப்படித் தெரிகிறது?

காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் விமலசுரேந்திர மின்நிலையம் வழியாகப் பழைய லக்ஷபானவுக்கும், மவுசாகலை நீர்த்தேக்கத்து நீர் கென்யன் மின்நிலையம் வழியாகப் புதிய லக்ஷபானவுக்கும், இரண்டும் சேர்ந்து பொல்பிட்டியவுக்கும் இறங்குகின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் 132 ஆயிரம் வோல்ட் லைன்களில் மலை மேலும் கீழுமாகப் போகிறது. லைனின் ஒவ்வொரு முனையிலும் ஒரு ரிலே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஓயாமல் வகுத்துக்கொண்டிருக்கும்.

கணக்கு எளிது. லைன் 50 மெகாவோட் சுமந்தால் ரிலேக்குத் தெரியும் மறிப்பு சுமார் 350 ஓம். இந்த வகை லைனுக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.4 ஓம் என்று வையுங்கள். 20 கிலோமீற்றரில் பழுது வந்த கணத்தில் அது 8 ஓமுக்கு விழும். 350 எங்கே, 8 எங்கே! ரிலே உடனே லைனை வெட்டும், 8 ஓம் என்பதிலிருந்து தூரத்தையும் சொல்லும். பொதுவாக லைனின் முதல் 80 சதவீதத்துக்குள் என்றால் தாமதமே இல்லை. அதற்கு அப்பால் என்றால் அரை விநாடிக்குள் ஒரு சின்னத் தாமதம், அடுத்த நிலையத்து ரிலே முந்திக்கொள்ள வாய்ப்புக் கொடுப்பதற்காக.

மலையில் இந்தக் கணக்கு கொஞ்சம் இடறும். மரம் சாய்ந்து கம்பியைத் தொட்டால் மரத்தின் தடை, பாறைமேல் நிற்கும் கோபுரம் என்றால் அடிநிலத்தின் தடை, இரண்டும் மறிப்போடு சேர்ந்துவிடும். பழுது இருக்கும் இடத்தைவிடத் தள்ளிக் காட்டும், சில வேளை ரிலேயின் கண்ணுக்கே தப்பிவிடும்.

நம் ஊர்ப் பக்கம் ஓடும் 33 ஆயிரம் வோல்ட் லைனுக்கு இது இன்னும் பொருந்தும். கம்பி அறுந்து காய்ந்த பாறையிலோ தார் ரோட்டிலோ விழுந்தால் நிலத்துக்குப் போகும் ஓட்டம் மிகச் சின்னது. பாதுகாப்புக் கருவிகள் அதை வழக்கமான பாவனை என்றே எண்ணிக்கொள்ளும். பொறி பறக்கவில்லை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) லைட் இல்லை, ஆகவே கம்பியில் கரண்ட் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பத்து மீற்றராவது தள்ளி நின்று, பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கி, மின்சார சபைக்கு அறிவியுங்கள்.

மழைக்காலம் வந்தால் எங்கள் லயத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்துவிடலாமா?

கூடாது. அந்தச் சுவிட்சும் ஒரு கண்காணிப்பாளர்தான். போகும் ஓட்டத்துக்கும் திரும்பி வரும் ஓட்டத்துக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் வெட்டும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் சுமார் 7,700 ஓம் வரும். அதாவது உங்கள் வயரிங்கின் காப்புத் தடை, புது வீட்டில் பத்து இலட்சம் ஓமுக்கு மேல் இருக்க வேண்டியது, ஆயிரக்கணக்குக்கு இறங்கிவிட்டது. பழைய வயர், ஓட்டைத் தகரம், சுவரில் இறங்கும் ஈரம், புகை படிந்த சந்திப்புப் பெட்டி, பழுதான சாதனம்: காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. சுவிட்சைக் கழற்றினால் கசிவு போகாது, கசிவைச் சொல்லும் ஆள் போய்விடும். லயன் வரிசைகள் எத்தனை தீயில் போயிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ஒவ்வொரு சுற்றாக நிறுத்திப் பார்த்தால் எந்த அறை, எந்தச் சாதனம் என்று பெரும்பாலும் பிடிபடும். மீதியை உரிமம் உள்ள மின்னியலாளர் காப்புச் சோதனைக் கருவியால் பார்க்கட்டும். எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொடும் உலோகத்தில் 50 வோல்ட்டைத் தாண்டாமல் சுவிட்ச் விழ, எர்த் பாதையின் மறிப்பு 1,667 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதை எல்லை என்று மட்டும் பாருங்கள், அதுவே இலக்கு இல்லை. நம் மண்ணில் ஓரடிக்குக் கீழே பாறை தட்டும், பங்குனி வெயிலில் மண் காய்ந்தால் தடை ஏறும். மழை நாளில் அளந்து "நல்லா இருக்கு" என்று போய்விட்டால், வெயில் காலத்தில் அதே எர்த் கைவிடலாம்.

கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போவது ஏன்?

கோபுரத்துப் பெட்டரிகள் களைத்திருக்கும். 2 வோல்ட் கலங்கள் 24 தொடராக நின்று 48 வோல்ட் கொடுக்கும், அதில் ஒன்று கெட்டாலும் வரிசை முழுதும் தள்ளாடும். வோல்ட் மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும். சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். அதனால் ஒவ்வொரு கலத்தின் உள்மறிப்பையும் அவ்வப்போது, பல கருவிகளில் 1,000 ஹேர்ட்ஸில், அளந்து, புதிதாக இருந்தபோது எடுத்த எண்ணோடு ஒப்பிடுவார்கள். பாதி அளவு கூடிவிட்டால் மாற்றும் பட்டியலில் சேரும். நுவரெலியாக் குளிர் உள்மறிப்பைத் தற்காலிகமாக ஏற்றும் என்பதால் வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். த்ரீவீலர் பெட்டரிக்குக் கடைக்காரர் இரண்டு கிளிப் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி செய்வதும் இதே வேலை.

தேயிலைத் தொழிற்சாலையில் இதற்கு இடம் உண்டா?

நிறைய. அடுப்பிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். கூடினால் மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும், மணம் போகும். குறைய விட்டால் கருகல் வாசம் வரும், நிறையும் நட்டம். நீரின் மின்கோடல் மாறிலி (மின்னேற்றத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்) 80 அளவு, உலர்ந்த இலையினுடையது சில எண்கள்தான். இலையை இரு தகடுகளுக்கு நடுவே வைத்தால் துளி ஈரம்கூட மறிப்பில் தெரிந்துவிடும். ஈரமானியின் சூட்சுமம் இதுதான்.

ஆனால் மானி ஈரத்தை நேராகப் பார்ப்பதில்லை. தூளான டஸ்ட் வகை நெருங்கி உட்காரும், அதைவிடப் பருமனான பி.ஓ.பி. வகை கொஞ்சம் விட்டு உட்காரும். ஒரே ஈரத்துக்கு இரண்டும் வேறு எண் காட்டும். அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்ததும் பிழைக்கும். வகைக்கு வகை தனியாக அளவுதிருத்தி, ஆறவைத்து, ஒரே அளவு நிரப்பி எடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 103 பாகை செல்சியஸ் உலர்த்தியில் வைத்து நிறை குறைவதைப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. தேயிலையைக் கையில் அள்ளி நெரித்துப் பார்க்கும் டீமேக்கரின் விரலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விரலும் மானியும் முரண்பட்டால் மானியைத்தான் முதலில் சரிபார்க்கச் சொல்வேன்.

வீட்டில் இரண்டு பசு இருக்கிறது. பாலுக்கும் ஏதாவது?

மடிநோய் தொடங்கினால் பாலில் சோடியமும் குளோரைடும் கூடும், மின்னை அதிகம் கடத்தும். நான்கு காம்பையும் தனித்தனியே அளந்து, ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் தீனி, கறவை நாள் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

மண்சரிவை இதால் முன்கூட்டியே அறியலாமா?

மண்ணின் ஈரத்தை அறியலாம், சரியும் நேரத்தை அறிய முடியாது. ஈர உணரிகள் தேயிலை மானியின் உறவுக்காரர்கள். நிலத்துக்குள் ஓட்டம் செலுத்தித் தடைப் படம் எடுத்தால் நீர் ஊறிய களிமண் படை எங்கே என்று தெரியும், எந்தச் சரிவு ஆபத்தானது என்று வகைப்படுத்த அது உதவும். எச்சரிக்கைக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையைத்தான் பார்க்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை யாரும் மறக்கவில்லை. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று கண்டால் எந்த உணரிக்கும் காத்திருக்காமல் இடத்தை விட்டு நகருங்கள்.

உயர்தர மாணவி. செயற்றிட்டமாக ஏதாவது செய்து பார்க்கலாமா?

செய்யலாம். அர்டுயினோ என்ற ஒரு சின்னக் கணினிப் பலகையும் மலிவான கொள்ளளவு மண் உணரியும் போதும். தேயிலை நாற்றுமேடை மண்ணை அடுப்பில் உலர்த்தி, தெரிந்த அளவு நீர் சேர்த்து, எண் எப்படி மாறுகிறது என்று வரைபடம் போடுங்கள். மண்ணை அழுத்தினால் என்ன ஆகிறது, வெயிலில் வைத்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். அந்தப் பிழைகள்தான் செயற்றிட்டத்தின் சுவையான பகுதி. இன்னும் முன்னேற வேண்டும் என்றால் ஏ.டி.5933 என்ற சிப் 100 ஆயிரம் ஹேர்ட்ஸ் வரை மறிப்பை நேரடியாக அளக்கும். பாலிலும், உப்புநீரிலும், வாடும் கொழுந்திலும் வைத்துப் பாருங்கள். மனித உடம்பில் மட்டும் வேண்டாம். சுவர் பிளக்கில் செருகிய மடிக்கணினியோடு இணைந்த கம்பியை யாருடைய நெஞ்சிலும் ஒட்டக் கூடாது, உங்கள் நெஞ்சிலும்தான்.